பதினேழாம் கூண்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்றோடு எலி அறைக்கு நான் ராஜாவாகிப் பதினோரு வருடம். இருநூற்றுப் பன்னிரண்டு குடிகள். மாடியில் ஆராய்ச்சி செய்பவர்கள் பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி பட்டங்களைக் கோத்து வைத்திருக்கிறார்கள். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். ஆனால் ஒரு எலியின் மீசையைப் பார்த்தே அதற்கு ஜுரமா கோபமா என்று சொல்லிவிடுவேன். டாக்டரம்மாவே ஒருநாள், "நீங்க இல்லாட்டி இந்த ஆராய்ச்சியே இல்லண்ணே" என்றார். (உண்மையில் சொன்னது, "நீங்க இல்லாட்டி கூண்டை யாருண்ணே கழுவுவா." கருத்து ஒன்றுதான்.)

மாலையில் இதைத் தங்கை வீட்டில் சொன்னேன். தங்கை மகள், வாயாடி, தலையை நிமிர்த்தாமல், "பாதி கழிவு" என்றாள். அந்த வீட்டுச் சட்டம் அது. நான் பிடித்த மீன் இரண்டடி என்றால் ஓரடி என்று எடுத்துக்கொள்வார்கள். போகட்டும். பாதி கழித்தும் ஓரடி மீன் பெரிய மீன்தான்.

மார்ச் 10, திங்கள்

காலையில் பதினேழாம் கூண்டில் நான்கும் செத்துக் கிடந்தன.

தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்து மாட்டியதும் குழாய் நுனியை விரலால் தட்டி, சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். நுனிக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கிறது, சில நேரம் சிக்கிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மாலை நான் தட்டவில்லை. பதினோரு வருடக் கை, தட்டாமலே தெரியும் என்று விட்டுவிட்டேன். சனி ஞாயிறு எட்டிப் பார்க்கிற காவல்காரருக்குப் புட்டி நிறைந்திருந்தால் திருப்தி. நிறைந்துதான் இருந்தது. நான்கும் குழாய்க்கு நேர் கீழே, ஒன்றன்மேல் ஒன்றாக.

சாவுப் பதிவேட்டில் எழுதினால் மேற்பார்வையாளர் விளக்கம் கேட்பார். ஜனவரியில் ஒருமுறை கேட்டு, எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார். எனவே மூளையைப் பயன்படுத்தினேன். உபரிக் கூண்டில் அதே இனம், அதே வயது, அதே கறுப்பு. நான்கைப் பிடித்து, செத்தவற்றின் காதில் அடையாள ஓட்டை இருந்த அதே இடங்களில் ஓட்டை போட்டு, உள்ளே விட்டேன். ஆறு நிமிஷம். பெற்ற தாய் எலி வந்தாலும் கண்டுபிடிக்காது.

பழையவற்றுக்குப் போன புதன்கிழமை விலாவில் புற்றணு ஊசி போட்டிருந்தார்கள். கட்டி இன்னும் கண்ணுக்குத் தெரிகிற அளவு வரவில்லை. அதனால் வித்தியாசம் எதுவும் தெரியாது. இன்று முதல் ஒவ்வொரு கூண்டுக்கும் ஒவ்வொரு புது மருந்து, தண்ணீரில் கலந்து. போனவற்றுக்குப் பதில் வந்தவை குடித்துக்கொள்ளும். மருந்துக்கு என்ன, ஒரு வாய் கிடைத்தால் சரி.

பதிவேட்டில் "சாவு: இல்லை" என்று எழுதினேன். கையெழுத்து அழகாக வந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

மாடி முழுக்க என் அறைக்கு இறங்கி வந்துவிட்டது. மற்றக் கூண்டுகளில் எல்லா எலிக்கும் விலாவில் பட்டாணி அளவு, கோலி அளவு கட்டி. பதினேழில் மட்டும் ஒன்றுமில்லை. டாக்டரம்மா நான்கையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இவங்களுக்கு மட்டும் நீங்க தனியா ஏதும் கொடுத்தீங்களாண்ணே?"

"பாசம்தாம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஏப்ரல் 8

நேற்று ஏனோ சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

ஏப்ரல் 19, சனி

தங்கைக்கு மார்பில் கட்டி. ஒரு மாதமாகத் தெரியுமாம், இன்றுதான் சொல்கிறாள். முப்பதாம் தேதி அறுவை சிகிச்சை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். ஒரே சட்டையை மூன்று முறை மடித்தாள்.

"கத்தின்னு நெனச்சாலே கை கால் ஓடலண்ணே."

எனக்குத் தாங்கவில்லை. உலகமே தேடுகிற மருந்து என் அறையில் இருக்கும்போது இவள் எதற்குப் பயப்பட வேண்டும்? பதினேழாம் கூண்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் வர்ணித்தேன். "பத்து மாசம் பொறு. முதல் மருந்து உனக்குத்தான், டாக்டரம்மா எனக்கு வாக்கு கொடுத்திருக்காங்க."

"நெஜமாவா? பாதி கழிச்சா?"

"இதுல கழிக்கவே வேண்டாம்."

முகம் அப்படியே தெளிந்துவிட்டது.

(டாக்டரம்மா சொன்னது, "எலிக்குக் கேக்குறதுல பத்துல ஒண்ணு மனுஷனுக்குக் கேட்டா பெருசு. அதுக்கும் பத்து வருஷம் ஆகும். முதல்ல இதே பலன் மறுபடி வரணும்ணே." பத்து அவர் கணக்கு. மாதம் என் பங்கு.)

மே 2, வெள்ளி

தங்கை முப்பதாம் தேதி போகவில்லை. வாயாடி என்னிடம் சண்டைக்கு வந்தாள். "அம்மா, அவர் கூண்டு கழுவுறவர்மா." செய்தித்தாளை எடுத்துக் காட்டினேன். புற்றுநோய்க்குப் புதிய நம்பிக்கை என்று நாலு பத்தி, டாக்டரம்மா படம். ஓரத்தில் தெரிகிற முழங்கை என்னுடையது. தங்கை அதைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினாள்.

தங்கை கணவர், மாப்பிள்ளை, மட்டும் மெதுவாக, "நீங்க உறுதியா சொல்றீங்களா மச்சான்?" என்றார். அவர் என்னிடம் எதற்கும் உறுதி கேட்டதில்லை. உறுதி என்றேன்.

ஜூன் 12, வியாழன்

அதே மருந்தை இந்த முறை நாற்பது எலிக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு புட்டியையும் மூன்று முறை தட்டுகிறேன். அதே பலன் வராது போனால்? ஏன் வராமல் போகும்? அந்த நான்கும் மருந்து குடித்தனவே.

புற்றணு ஊசிதான் போடவில்லை.

ஜூலை 3, வியாழன்

நாற்பதுக்கும் கட்டி வந்துவிட்டது.

டாக்டரம்மா என் அறையில் முக்காலியில் உட்கார்ந்து பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "எங்கயோ நான்தான் தப்பு பண்ணியிருக்கேண்ணே. எங்கன்னு தெரியல." வாய் வரை வந்தது. கூண்டு கழுவப் போனேன். கழுவின கூண்டையே மறுபடி கழுவினேன்.

ஜூலை 21

தங்கைக்கு இருமல். தூசி என்கிறாள். தூசியாகவே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

தூசி இல்லை. நுரையீரலுக்குப் போய்விட்டது. இனி அறுத்துப் பயனில்லையாம். ஆஸ்பத்திரி டாக்டர், "ஏப்ரல்லயே வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, தங்கை முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே வாயாடி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். சொல்லிவிட்டேன். புட்டி, நான்கு எலி, காது ஓட்டை, எல்லாம்.

"நாலுன்னா ரெண்டு செத்திருக்கும்" என்றாள், பழக்கத்தில்.

"இல்லம்மா. நாலு."

என்னையே பார்த்தாள். "அந்த மருந்து தோத்ததுக்கும் நீங்கதான் காரணமா? அதுலயும் நீங்கதான் பெரிய ஆளா? இன்னைக்காவது விடுங்க மாமா."

நம்பவில்லை. அவள் பிறந்ததிலிருந்து, கழிக்கத் தேவையில்லாமல் நான் சொன்ன ஒரே சேதி அது.

ஆகஸ்ட் 7, வியாழன்

டாக்டரம்மாவும் நம்பவில்லை. "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்களாண்ணே?" என்றார். எனக்கு வேறு சாட்சி ஏது? இந்த நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதல் பக்கத்திலிருந்து படித்தார். அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் படித்தார். மார்ச் பத்துக்கு வந்ததும் விரலை வரியில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று நின்றேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, தண்ணி இல்லாம நாலு போச்சுன்னு எழுதிட்டு அடுத்த வேலையைப் பாத்திருப்பேன். அவ்வளவுதாண்ணே. நாலு எலி."

பிறகு ஏப்ரல் பத்தொன்பதைப் படித்தார். நோட்டை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தங்கையிடமும் சொன்னேன். கட்டிலில் சாய்ந்தபடி கடைசி வரை கேட்டாள்.

"எனக்குக் கத்தி பயம். நீ இல்லாட்டி வேற யாராவது சொன்னதை நம்பியிருப்பேன்."

போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு,

"ஆனா நீ சொன்னே."

செப்டம்பர் 1

வேலை போயிற்று. அறைச் சாவியைக் கொடுத்தேன். செய்தித்தாளில் உள்பக்கத்தில், முன்பு வந்த செய்தி தவறு என்று மூன்று வரி. அலமாரிக் கதவில் ஒட்டியிருந்ததை வாயாடி கிழித்துவிட்டாள். பசை இருந்த இடத்தில் சதுரமாக வெள்ளைத் தடம்.

அக்டோபர் 20, திங்கள்

மாப்பிள்ளைக்குப் பகலில் வேலை, வாயாடி மாலையில் வருகிறாள். பகல் என் முறை. தங்கை எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று எழுதிவைக்க, வீட்டுக்கு வருகிற நர்ஸ் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார். மூக்கு வைத்த கோப்பையில் கொடுக்கிறேன். கொடுக்கும் முன் நுனியைத் தட்டிப் பார்க்கிறேன்.

"என்னண்ணே தட்டறே?"

"சொட்டு வருதான்னு."

"வரும்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

நர்ஸ் நோட்டைப் பார்த்து, "நாள் முழுக்க இவ்வளவுதானா? யார் எழுதினது?" என்றார். நான் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"மாமா எழுதினது" என்றாள் வாயாடி. "அதுல கழிக்க ஒண்ணும் இல்ல."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அக்டோபர் 31, வெள்ளி

காலை: இரண்டு வாய்.

மதியம்: ஒரு வாய். பாதி வெளியே வழிந்துவிட்டது. ஆகவே அரை.

மாலை: இல்லை.