வெள்ளிக்கிழமைகளில் ஸ்டெல்லா எங்கே போகிறாள்

2 ஜூன், செவ்வாய்

காலையிலேயே சட்டை நனைகிற வெயில். மோட்டார் சைக்கிள் பின் டயரில் காற்று குறைவு. பார்க்க வேண்டும்.

போன வியாழன் ஸ்டெல்லா வாங்கி வந்த வௌவால் மீன் ஃப்ரிட்ஜில் இல்லை. நாங்கள் அதைச் சாப்பிடவும் இல்லை. வெள்ளி சபை உபவாசம். சனி சாம்பார். ஞாயிறு சபையிலேயே சாப்பாடு. நேற்று ரசம். பிறகு மீன் எங்கே?

கேட்டேன். "கெட்டுப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இதற்கு முன்பும் ஒரு மீன் இப்படித்தான் கெட்டுப்போனது. ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் ஓடுகிறது.

4 ஜூன், வியாழன்

வேலை முடிந்து நேராக சபைக்கு. மூப்பர் கூட்டம். ஏர்கோனிலிருந்து மறுபடியும் தண்ணீர் ஒழுகுகிறது.

மூப்பர்களில் விசாரிப்பு என் பொறுப்பு. யார் உபவாசத்தில் சாப்பிட்டார்கள், யார் தீபாவளி முறுக்கு வாங்கிக்கொண்டார்கள், எந்தச் சகோதரி கல்யாண வீட்டில் தோடு போட்டாள். எல்லாம் என்னிடம்தான் வரும். அதனால் நான் உள்ளே நுழைந்தாலே பேச்சு நின்றுவிடும். பழகிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நம்ம ஆளு யாரோ தேவராஜ் வீட்டுக்குப் போய் சாப்பிட்டு வர்றதா காதுல விழுது, மூப்பர். யாருன்னு பாருங்க."

தேவராஜ் அண்ணன் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். எங்கள் சபையில் பழைய ஆள். போன வருஷம் அவருடைய அம்மா இறந்தார். அம்மா கடைசிவரை இந்து. ஒரே மகன் என்பதால் மொட்டை போட்டு, நெற்றியில் விபூதியோடு கொள்ளி வைத்தார். போட்டோ சுற்றியது. சபையிலிருந்து விலக்கினோம். அவரோடு யாரும் பந்தியில் உட்காரக் கூடாது என்று பாஸ்டர் தீர்ப்புச் சொன்னபோது எல்லாரும் கை தூக்கினோம்.

யாராக இருக்கும்? கீபோர்டு வாசிக்கிற பையன்? பட்டர்வொர்த்திலிருந்து வருகிற குடும்பம்? அவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண்.

வீட்டுக்கு வந்தால் ஸ்டெல்லா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நாளை வெள்ளி!

5 ஜூன், வெள்ளி

மழை தூறல். உபவாசம். மத்தியானம் ஃபேக்டரி கேன்டீன் பக்கமே போகவில்லை. தலைவலி.

மாலையில் ஸ்டெல்லா கதவைத் திறந்தபோது தலைமுடியில் பொரித்த மீன் வாசனை. நல்ல சேலை. வாய்க்குள் ஏதோ பாட்டு. "எங்க போன?" "பசாருக்கு." கையில் பை இல்லை.

போனை மேசையில் கவிழ்த்தே வைக்கிறாள். முன்பு அப்படி வைக்க மாட்டாள்.

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாராவது?

9 ஜூன், செவ்வாய்

டயர் மாற்றியாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மலர் அக்காவிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "உங்க வீட்டம்மாவா? வெள்ளிக்கிழமை ஆனா ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போற பஸ்தான். ஏன், உங்களுக்குத் தெரியாதா?" அந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு சிரிப்பு இருந்தது.

ஜெபிக்க உட்கார்ந்தேன். வருவதெல்லாம் கேள்வி.

11 ஜூன், வியாழன்

நாளைக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை. ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேரும் உப்பு கேட்டதோடு சரி.

12 ஜூன், வெள்ளி

எப்படி எழுதுவது. நடந்தபடியே எழுதுகிறேன்.

பஸ்ஸின் பின்னால் மோட்டாரில் போனேன். ஆயர் ஈத்தாம் பசாரில் இறங்கினாள். கையில் மீன் பொட்டலம். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஃப்ளாட் கட்டடத்தைப் பார்த்ததும் மோட்டாரை ஓரம் கட்டினேன். தெரிந்த இடம். எத்தனை வீட்டு ஜெபக்கூட்டம் அங்கே. தேவராஜ் அண்ணன் வீடு.

பாஸ்டர் கண்டுபிடிக்கச் சொன்ன ஆள் என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

கீழே ரொம்ப நேரம் நின்றேன். பிறகு மேலே போனேன். இரும்பு கேட்டுக்கு வெளியே செருப்புகள். ஸ்டெல்லாவுடையது ஒன்று. இன்னொன்று கறுப்பு, குதிகால் தேய்ந்தது. சபை வாசலில் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிற செருப்பு. யாருடையது என்று நினைவு வரவில்லை.

உள்ளே ஸ்டெல்லா சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது.

பெல் அடித்தேன். லெட்சுமி அக்கா, தேவராஜ் அண்ணனின் மனைவி, கதவைத் திறந்தார். மேசையில் சோறு, மீன் குழம்பு. ஸ்டெல்லா கை சோற்றில். எடுக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பாஸ்டரின் மனைவி.

பாஸ்டரம்மா!

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் எழவில்லை. "வந்துட்டீங்களா" என்றாள் ஸ்டெல்லா. "பஸ்ல இருந்தே உங்க மோட்டார பாத்தேன். ஒரு நாளைக்கு வருவீங்கன்னு தெரியும்."

"எத்தனை நாளா இது?"

"லெட்சுமி அக்காவ பசார்ல பாத்ததுல இருந்து. சபைய விட்டு விலக்குனதுல இருந்து அண்ணே மேசையில உக்கார மாட்டேங்குறாரு, தட்டத் தூக்கிட்டு ரூமுக்குப் போயிடுறாருன்னு அழுதாங்க. நான் என்ன செய்ய? ஒரு மீன் வாங்கிட்டு வந்து உக்காந்தேன். அவ்வளவுதான்."

"பாஸ்டரம்மா எப்படி..."

"நான் இவளப் பிடிக்கத்தான் பின்னாலயே வந்தேன்" என்றார் பாஸ்டரம்மா, சோற்றைப் பார்த்தபடி. "உங்கள மாதிரியேதான்."

தேவராஜ் அண்ணன் அடுப்பங்கரையிலிருந்து வந்தார். மெலிந்திருக்கிறார். கை நீட்டவில்லை, முன்பெல்லாம் கட்டிப்பிடிப்பார். "உள்ள வாங்கன்னு சொல்ல மாட்டேன் தம்பி. உங்களுக்குச் சங்கடம்" என்றார். ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, கேட்டுக்கு வெளியே என் கையில் கொடுத்தார். "அங்க நின்னே சாப்பிடுங்க. அப்ப என்னோட சாப்பிட்டதா ஆகாதுலா."

குத்திப் பேசவில்லை. உண்மையாகவே எனக்கு ஒரு வழி யோசித்திருக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

தட்டோடு நடைபாதையில் நின்றேன். எதிர்வீட்டுச் சீனக் கிழவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உபவாச நாள். விலக்கப்பட்டவர் வீடு. மூப்பர் கையில் மீன் குழம்பு. ஆண்டவர் எங்கே நிற்பார் என்று யோசித்தேன். கேட்டுக்கு வெளியே என்னோடு நிற்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

செருப்பைக் கழற்றினேன்.

நான் உட்கார்ந்ததும் லெட்சுமி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தார். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

13 ஜூன், சனி

வேலைக்குப் போனேன். மனம் அதில் இல்லை. என்னையே சந்தேகப்படுகிறேன். மனைவிக்காகச் சாப்பிட்டேனா, பசியில் சாப்பிட்டேனா? ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "சாப்பிடுறதுக்கு என்ன காரணம் வேணும்?" என்றாள். "அவங்கம்மாவுக்கு மகன் செய்ய வேண்டியதச் செஞ்சாரு. அதுக்காக இயேசுவ விட்டுட்டாரா? நாமதான் அவர விட்டுட்டோம்."

பாஸ்டரிடமிருந்து மெசேஜ்: நேத்து ஆயர் ஈத்தாமில் உங்க மோட்டார பாத்ததா ஒருத்தர் சொன்னார். ஆள் யாருன்னு தெரிஞ்சதா?

என்னைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னது யார்? எனக்கும் ஒரு விசாரிப்பு மூப்பர் இருக்கிறார் போல. பதில் போடவில்லை. வாசித்ததாக அடையாளம் மட்டும் போயிருக்கும்.

14 ஜூன், ஞாயிறு

நல்ல வெயில். சபைப் படிக்கட்டிலேயே பாஸ்டர் நிறுத்தினார்.

"யார் யார் இருந்தாங்க, மூப்பர்?"

"நான் இருந்தேன்."

"நான் கேட்டது அது இல்ல."

"தெரியும் பாஸ்டர். நான் இருந்தேன். சாப்பிட்டேன்."

"வெள்ளிக்கிழமையா?"

"வெள்ளிக்கிழமை."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது பயம். "ஒரு கட்டுப்பாட்ட தளர்த்தினா எல்லாம் போயிடும். நான் எப்படி இந்த சபைய காப்பாத்துறது, சொல்லுங்க?"

"காப்பாத்துறது நீங்க இல்லையே பாஸ்டர்" என்றேன். அவரிடம் இப்படிப் பேசுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. மற்ற பெயர்களைத் திரும்பவும் கேட்டார். சொல்லவில்லை. சபைச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். இன்று திருவிருந்து அப்பம் எடுக்க வேண்டாம் என்றார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாத் தலையும் திரும்பியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், சபையில், எல்லார் முன்னாலும்.

அப்பத் தட்டு முன்வரிசையில் தொடங்கியது. பாஸ்டரம்மாவிடம் வந்தது. அவர் கையில் வாங்கி, ஒன்றும் எடுக்காமல், அடுத்தவரிடம் கொடுத்தார்.

பாஸ்டர் பார்த்துவிட்டார். ஜெபம் பாதி வாக்கியத்தில் நின்றது.