இடது பக்கம் பார்த்த வண்டி

சேரப்பணஞ்சேரி
15.11.2025

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் குடும்பத்தில் சென்ற மாதம் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. கார் கவர் சாம்பல் நிறத்தில் வாங்குவது என்பதே அது. மூன்று நாள் ஆலோசனை நடந்தது. அம்மா நீலத்துக்காக வாதாடினாள். நீலம் ஒரே கோடையில் வெளுத்துவிடும் என்பதை நான் ஆதாரத்தோடு எடுத்துச் சொன்னேன். கடைசியில் படப்பைக் கடையில் நீலம் இல்லாததால் சாம்பல் ஒருமனதாக நிறைவேறியது. அப்போது எங்களிடம் கார் இல்லை.

வண்டி எடுத்தீர்களா இல்லையா என்று நீ போனில் இரண்டு தடவை கேட்டாய், நான் இரண்டு தடவையும் மழையைப் பற்றிப் பேசினேன். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள் என்பது உனக்குத் தெரியும். தெருவுக்கே கேட்கும்படி சொல்லக்கூடிய விஷயமாக இது இல்லாததால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ குழந்தையோடு வரும்போது ஏர்போர்ட்டிலிருந்து சொந்தக் காரில் அழைத்து வர வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. ஓட்டுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். படப்பையில் செந்தமிழன் என்பவர் பழைய கார்கள் விற்கிறார். அவரிடம் ஒரு வெள்ளைக் கார், நாலு வருடம்தான் ஓடியது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன். கார் கம்பெனியில் பத்தொன்பது வருடம் கடைசி இன்ஸ்பெக்ஷனில் நின்ற ஆள் நான் என்பதை அவரிடம் சொன்னேன். கேட்கும் முன்பே சொன்னேன். உடனே எனக்கு நாற்காலி வந்தது, டீ வந்தது, அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் கதவு இடைவெளியை விரலால் அளந்தேன், பெயின்டை வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தேன், கதவை மூன்று முறை அடித்துச் சாத்தினேன். அவரே ஓட்டிக் காட்டினார், எனக்கு ஓட்டத் தெரியாததால் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஓகே என்றேன், அட்வான்ஸ் கொடுத்தேன்.

நீ சிறு பிள்ளையாக இருந்தபோது உன்னிடம் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா தெரியவில்லை. லைனில் வண்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நிற்போம். இடது பக்கம் நான், வலது பக்கம் பிள்ளைப்பாக்கத்துக்காரர் சின்னப்பையன். வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், சுற்றி வர நேரம் கிடையாது, அவர் பக்கத்தை நான் பார்க்கவும் கூடாது. பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு காரையும் சுற்றி வந்தவன் இல்லை. செந்தமிழனிடமும் இடது பக்கம் முன்னிருந்து பின்வரை போனேன், பின்னிருந்து முன்வரை வந்தேன், முடிந்தது என்று கையைத் துடைத்தேன். வலது பக்கத்தைச் சின்னப்பையன் பார்த்திருப்பார் என்று என் உடம்பு நினைத்துவிட்டது. அவர் அன்றைக்குப் பிள்ளைப்பாக்கத்தில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். இதற்கு நீ சிரிக்கலாம், மாப்பிள்ளையிடமும் சொல்லலாம். இனி எழுதப்போவதைச் சொல்ல வேண்டாம்.

இன்சூரன்சை என் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்கப் படப்பை பஸ் ஸ்டாப் எதிரே இருக்கும் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போனேன். அங்கே சந்திரலேகா என்ற பெண் நம்பரைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். அங்கிள், இது டோட்டல் லாஸ் ஆன வண்டி, வலது பக்கம் லாரி இடிச்சிருக்கு, சரி பண்றதுக்கு வண்டி வெலையவிட ஜாஸ்தி ஆகும்னு கம்பெனி முழுப் பணத்தையும் ஓனருக்குக் குடுத்துட்டு இதக் காயலான் கணக்குல தள்ளிடுச்சி, யாரோ எடுத்து வெட்டி ஒட்டி ஓட வுட்டுகீறாங்க, எடுக்காதீங்க அங்கிள் என்றாள். படத்தையும் காட்டினாள். வலது பக்கம் என்று ஒன்று அதில் இல்லை. நான் நேராகச் செந்தமிழனிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. இன்னா சார் நீங்க, கம்பெனில பாத்தவரு, நீங்களே தடவித் தடவிப் பாத்து ஓகே சொல்லிட்டு இப்ப வந்து இப்டி கேக்குறீங்களே என்றார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன். வேற பார்ட்டி யாரையாவது இட்டுக்கினு வாங்க சார், அட்வான்ஸ கையோட வாங்கிக்கினு போங்க என்றார்.

நம் மாடி அறையில் குடியிருக்கும் இசக்கிபாண்டியை நீ வீடியோவில் பார்த்திருக்கிறாய், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒன்றரை வருடம். அவன் மனைவி பாண்டிச்செல்விக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு ஊருக்குப் போக வேண்டும், பஸ்ஸில் இத்தனை தூரம் எப்படி என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். அன்று ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்தவன், சார் நீங்க அந்த வண்டிய விட்டுட்டியளாமே, ஏதும் கோளாறா, இல்லன்னா நான் எடுத்துக்கிடட்டா என்று கேட்டான். கோளாறில்லை, அம்மாவுக்கு வெள்ளை நிறம் பிடிக்கவில்லை என்றேன். அம்மாவிடம் விலையை ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். இடது பக்கம் முழுக்க நானே பார்த்தேன் தம்பி, ஒரு குறையும் கிடையாது என்றும் சொன்னேன். அதில் ஒரு சொல் பொய்யில்லை என்று நான் இரண்டு நாள் எனக்கே விளக்கிக்கொண்டிருந்தேன். நீங்க பாத்துட்டியன்னா போதும் சார், நான் தனியா என்னத்தப் பாக்க என்று அவன் போய் எடுத்து வந்துவிட்டான். என் அட்வான்ஸ் அன்று சாயங்காலமே வந்தது. செந்தமிழன் சொன்ன சொல் தவறாதவர்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டிக்குப் பூஜை. பாண்டிச்செல்வி சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டாள். வெள்ளிக்கிழமை அந்த வண்டியில்தான் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழத்தைத் தட்டில் எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். நீங்களே வைங்க சார், நல்ல மனுசன் கை என்றாள். உன் அம்மா வேறு, வாங்கேன்யா கையில, புள்ளத்தாச்சி நின்னுகினு கீதுல்ல என்று அவசரப்படுத்தினாள். இடது பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் வைத்துவிட்டேன். மூன்றாவதை வைக்க வலது பக்கம் போனேன். அந்தப் பக்கத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டிரைவர் கதவின் இடைவெளி மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல். லைனில் இப்படி ஒரு வண்டி வந்தால் சின்னப்பையன் பெல் அடித்து லைனையே நிறுத்தியிருப்பார். குனிந்தபோது கதவு ஓரத்து ரப்பர் பிதுங்கி, உள்ளே வெல்டிங் வைத்த தழும்பு தெரிந்தது. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இசக்கிபாண்டி தூக்கிவிட வந்தான். என்ன சார், மயக்கமா வருதா என்று கேட்டான். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெரிஞ்சுகிட்டேதான் சொன்னியளா சார் என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். பாண்டிச்செல்வி, எங்க வீட்டு ஆளு உங்க பேச்ச நம்பித்தான எடுத்தாவ என்று சொல்லிவிட்டு, என் கையில் இருந்த பழத்தையும் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு படியேறிப் போனாள். உன் அம்மா, இன்னா மனுசன்யா நீ, வயித்துப் புள்ளக்காரிய அதுல ஏத்தி அனுப்ப இருந்தியே என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, சாப்பாட்டை மட்டும் எடுத்து வைக்கிறாள். போனில் அவள் குரல் சரியில்லையே என்று நீ கேட்டதற்குக் காரணம் தொண்டைக்கட்டு இல்லை.

காருக்கென்று பாங்கில் போட்டிருந்த பணத்தைத் திங்கட்கிழமை எடுத்து அவன் கொடுத்த விலையை அப்படியே கொடுத்து வண்டியை வாங்கிக்கொண்டேன். ஆகவே நீ கேட்டதற்குப் பதில், எடுத்துவிட்டோம். சின்னப்பையனை வரச்சொல்லிக் காட்டினேன். அவர் வலது பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, இத்த ரோட்ல வுடாத, காயலான் கடைக்கே போடு என்றார். எடுக்கிறவன் அதை மறுபடியும் ஒட்டி விற்காமல் இருக்க வேண்டுமே, அப்படி ஒருவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை வாசலிலேயே நிற்கட்டும். நேற்று இசக்கிபாண்டியும் பாண்டிச்செல்வியும் தாம்பரத்திலிருந்து ரயிலில் போனார்கள். பெட்டியை ஆட்டோ வரை தூக்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் சார் என்றான். அடுத்த மாதம் அறையைக் காலி செய்கிறார்களாம், பிள்ளைப்பாக்கத்தில் வேறு பார்த்துவிட்டார்களாம். இதை அம்மா பால்காரரிடம் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டேன். அன்று வாசலில் உண்மையை நான் பயத்தில் சொன்னேனா, மனசாட்சியில் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். குனியாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. உன்னிடம் இதைச் சொல்லாமல் ஏர்போர்ட்டில் வந்து நின்று குழந்தையை வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை.

மாப்பிள்ளை அங்கே பழைய கார் பார்ப்பதாகச் சொன்னாய். தாராளமாகப் பார்க்கட்டும். வண்டியைச் சுற்றி வரச் சொல், பழைய இன்சூரன்ஸ் விவரத்தைக் கேட்கச் சொல், படம் அனுப்பி என்னைக் கேட்க வேண்டாம். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மாவிடம் போனில் இதைப் பற்றி எதுவும் கேட்காதே, அவளாகப் பேசும்வரை பொறுத்திருப்போம்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். என் ஆசீர்வாதத்தில் இப்போது எவ்வளவு பலம் இருக்கிறதோ தெரியாது, இருப்பதை அனுப்பியிருக்கிறேன். அம்மாவுடையதையும் சேர்த்துக்கொள். ஏர்போர்ட்டிலிருந்து வர டாக்ஸிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், மறக்காமல் விமான நேரத்தை எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
தணிகாசலம்

பி.கு.: கார் கவர் அளவு சரியாக இருக்கிறது.