டெனீட்டா உயிரோடுதான் இருக்கிறார்

அன்புள்ள லவெலுக்கு,

நாங்கள் நலம். கடலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கப்பலில் இணையம் சரியாகக் கிடைக்காது என்பதால் உங்கள் அக்கா செய்ததை நானே எழுதிவிடுகிறேன்.

காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய போலீஸ்காரர் டெனீட்டா அக்காவின் கையை முறித்துவிட்டு, அவர் மீதே வழக்கும் போட்டது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கப்பலேறிய பிறகும் எந்தத் தொலைக்காட்சியும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு நிருபர் மட்டும் போனில், "வீடியோ ஏதும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் வைத்துவிட்டார்.

நம் மகள் ஜோரியெல் சும்மா இருக்கவில்லை. சர்ச் பாடகர் குழுவில் அக்கா சிரித்தபடி நிற்கும் படத்தைப் போட்டு, அவர் பெயரையே ஹேஷ்டேக் ஆக்கினாள். முதலில் என் அழகு நிலையத்துக்கு வரும் பெண்கள்தான் பகிர்ந்தார்கள். பிறகு சிகாகோ, லண்டன் என்று எங்கிருந்தெல்லாமோ அந்தப் பெயர் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நகரமன்றத்தின் முன்னால் கூட்டம். பாதிப் பேர் கையில் மெழுகுவத்தி. இப்படி ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர் பரவினால் அவள் செத்துவிட்டாள் என்றுதானே நினைக்கிறார்கள்? ஓர் இளைஞர் ஒலிபெருக்கியில் அக்காவின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தனையே தொடங்கிவிட்டார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு அக்கா மேடையேறினார்.

"தம்பி, அந்த மைக்கைக் குடு. நான் சாகல. கை கூடினதும் ஸ்கூல் சமையலுக்குப் போகணும். என் பேரைச் சொல்றதுன்னா, நான் பதில் சொல்ற மாதிரி சொல்லுங்க."

பிறகு கூட்டம் மொத்தமும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் அக்கா, "இருக்கேன்" என்றார்.

மெழுகுவத்தி கொண்டுவரச் சொன்னது தான்தான் என்று ஜோரியெல் கூசிப்போய்ச் சொன்னாள். "பத்திரமா எடுத்து வை. கரண்ட் போனா ஆகும்" என்றார் அக்கா.

இந்த வாரம் அக்கா மீதிருந்த வழக்கை விலக்கிக்கொண்டார்கள். அந்தப் போலீஸ்காரர் மீது விசாரணை தொடங்கியிருக்கிறது. அது எங்கே போய் முடியுமோ தெரியாது.

ஜோரியெலுக்கு அடுத்த மாதம் டிரைவிங் லைசென்ஸ் வருகிறது. போலீஸ் நிறுத்தினால் அவர்கள் கண்ணில் படும்படி கைகளை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்லித்தர உட்கார்ந்தேன். "அத்தையும் ஸ்டியரிங் மேலதானேம்மா வெச்சிருந்தாங்க?" என்று கேட்டாள். கரை சேர்ந்ததும் முதல் வேலையாக நீங்கள் அவளோடு பேசுங்கள்.

கடவுள் கடலில் உங்களையும் சாலையில் நம் பெண்ணையும் காக்கட்டும்.

என்றும் உங்கள்,
வெர்னெல்