சமஸ்தான முத்திரை

கல்பாக்கம்
16-5-1972

அன்புள்ள மனோன்மணிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா, அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுது.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. இந்தக் குமாஸ்தா வேலையை நிரந்தரமாக்கி, குடும்பத்தோடு இருக்க வீடும் தருவதாகக் கான்டிராக்டர் சொல்லியிருந்தார் அல்லவா? முன் அனுபவத்துக்குச் சான்று கேட்டார்கள். சமஸ்தான முத்திரை போட்ட சான்றிதழைப் பட்டுத்துணியில் சுற்றியபடியே கொடுத்தேன். மானேஜர் ஏற்கவில்லை.

அதைத் திருப்பிக் கொண்டுவந்த மேஸ்திரி காத்தவராயன், "இன்னா சாரு, ராஜாவே கெடையாதுன்னு சட்டத்த மாத்திட்டாங்கோ. அவுரு குட்த்த சீட்டு மட்டும் செல்லுமா? துணி நல்லாகீது, அத்த வச்சிக்கோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டெல்லியில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ராஜாக்களுக்குக் கொடுத்துவந்த ராஜமானியத்தை நிறுத்தினார்கள்; அரண்மனையில் என் வேலையும் போயிற்று. இருபத்திரண்டு வருஷம் அரண்மனைக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிய நான் சிமெண்ட் மூட்டை எண்ணுகிறேன். அந்த நாளில் தபால் இலாகாவில் எனக்கு வேலை உத்தரவு வந்தபோது, அரண்மனை வேலையை விடக்கூடாதென்று தடுத்த உன் அண்ணன் சௌக்கியம்தானே?

என் பி.ஏ. பட்டத்தைத் தேடி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. நார்த்தங்காய் ஊறுகாய் கிடைத்தால் யாரிடமாவது கொடுத்துவிடு. அரண்மனைக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னால் இன்னும் ஒரு மாதம் கேள். இங்கே வீடு இல்லை என்றாகிவிட்டது.

பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்து, மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல். தலைமையாசிரியர் எனக்குத் தெரிந்தவர்தான். ஆனாலும் என் பெயரைச் சொல்லாமல் கேள்.

தபால்காரர் கிளம்புகிறார், நிறுத்துகிறேன்.

சிவப்பிரகாசம்