வீடு இப்போது மேட்டில் இருக்கிறது

காஸ்த்ரோ,
பிப்ரவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நொல்பெர்த்தோவுக்கு,

ஒத்தீலியா எழுதுவது. நானும் மகள் யஸ்னாவும் சுகம். உங்கள் படகும் சுகம். கவிழ்த்துப் போட்டுத் தார் பூசி வைத்திருக்கிறேன். புந்தா அரேனாஸ் குளிரில் நீங்கள் கம்பளிச் சட்டையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, இருமல் இல்லாமல் வேலைக்குப் போய் வர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஊருக்கு வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கி, பழக்கதோஷத்தில் கரைப் பக்கம் நடந்துவிடாதீர்கள். அங்கே நம் வீடு இல்லை. எரிந்து போகவில்லை, கடல் கொண்டு போகவில்லை, நான் விற்கவும் இல்லை. வீடு இப்போது மேட்டில் இருக்கிறது, அப்பா எனக்கு விட்டுப்போன உருளைக்கிழங்கு நிலத்தில். கடிதத்தைக் கசக்குவதற்கு முன்னால் மிச்சத்தையும் படியுங்கள். கோபப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

"மாமனார் மண்ணில் குடியிருக்க மாட்டேன்" என்று கல்யாணமான புதிதில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. போன வருஷக் கடிதத்திலும் "நான் வரும்வரை வீட்டைத் தொடாதே" என்று எழுதியிருந்தீர்கள். நானும் காத்திருந்தேன். கோடைக்கு வருகிறேன் என்றீர்கள், அடுத்த கோடைக்கு என்றீர்கள். நீங்கள் வரவில்லை, கடல் வந்தது. ஜூலை மாதக் குளிர்காலப் புயலில் கரை இடிந்து, சமையலறைப் பக்கத்து ஆப்பிள் மரம் வேரோடு கீழே போயிற்று. காலையில் ஜன்னலைத் திறந்தால் மரம் நின்ற இடத்தில் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கிறது. யஸ்னா கைதட்டிச் சிரித்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன்.

அந்த மாதம் நான் வேலை பார்க்கிற இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை. புயலில் பறந்துபோன கூரைத் தகரத்துக்கு இழப்பீடு கேட்டு ஒருவர் வந்தார். அதே தகரம் தன் கோழிக்கூட்டின் மேல் விழுந்துவிட்டதென்று பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் வந்தார். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தேன். "மொதல்ல என் தகரத்தக் குடுடா" என்கிறார் இவர். "உன் தகரம் என் கோழியத் திருப்பிக் குடுக்குமாடா?" என்கிறார் அவர். இரண்டு பேர் காகிதத்திலும் முத்திரை விழுந்ததும் தோளில் கைபோட்டுக்கொண்டு ஆப்பிள் கள் குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. என் மேஜைக்கு வருகிறவர்கள் முகம் தொங்கிப்போய்த்தான் வருகிறார்கள். எழுந்து போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து போகிறார்கள். அதைப் பார்க்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் வசந்தகாலத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கடலோரம் இடிகிற கரைமேல் உள்ள வீடுகளுக்கு இனிமேல் பாலிசியைப் புதுப்பிக்கக் கூடாதாம். எங்கள் மேலாளர் தோன் எர்னால்தோ உத்தரவைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "உங்க வீட்டுக் கடுதாசிய நீ அடிக்க வேண்டாம்மா, நான் அடிச்சுக்கறேன்" என்றார். பாவம், இரண்டு விரலால் தட்டச்சு செய்கிற மனுஷர். நானே அடித்தேன். "மதிப்பிற்குரிய திரு. நொல்பெர்த்தோ பார்ரியா அவர்களுக்கு, தங்கள் வீட்டின் பாலிசியை மார்ச் மாதத்துக்கு மேல் புதுப்பிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்." அடித்து, முத்திரை குத்தி, உறையை ஒட்டி, தபால் செலவு மிச்சம் என்று என் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு வந்தேன். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். நானே எழுதியதுதான். இருந்தாலும் யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அன்றைக்குத்தான் வீட்டை மேட்டுக்கு நகர்த்திவிட முடிவு செய்தேன்.

ஊரே கூடி வீட்டைப் பெயர்த்து மாடு கட்டி இழுத்துப் போகிற மிங்காவுக்கு வீட்டுக்கார ஆண்தான் வாசல் வாசலாகப் போய்க் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கூலி கொடுத்துக் கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். கேட்கிற விதத்தில் கேட்டால் ஊரே வரும். நான் முதலில் தோன் பெலார்மினோ வீட்டுக்குத்தான் போனேன், அவருடைய மாடுகள் இல்லாமல் எந்த வீடு நகர்ந்திருக்கிறது? அவர் எடுத்த எடுப்பில், "உன் புருஷன் வந்து கேக்கணும், அதான் முறை" என்றார். "அவரு வர்ற வரைக்கும் கடல் சும்மா இருக்குமா பெரியப்பா?" என்றேன். "கடல் இருக்காது. சரி, சனிக்கிழம வச்சுக்கலாம். சோறு மட்டும் கொறையக் கூடாது, ஆமா" என்றார்.

வீடு நகரும்போது ஏதாவது ஆகிவிட்டால்? பழைய பாலிசி மார்ச் வரை செல்லும். ஆனால் அது கரையில் நிற்கிற வீட்டுக்கு. வழியில் போகிற வீட்டுக்கு என்ன விதி என்று கேட்க சாந்தியாகோவுக்குப் போன் போட்டேன். வீட்டுப் பிரிவில் ஒரு பெண், "மேடம், நகர்ந்துச்சுன்னா அது வீடு இல்ல. வாகனப் பிரிவுல கேளுங்க" என்றாள். வாகனப் பிரிவில் ஒரு பையன். "எத்தன சக்கரம்?" என்றான். "சக்கரம் இல்ல தம்பி, அடியில மரக்கட்டைங்க" என்றேன். "எஞ்சின்?" "மாடு." காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "கால்நடைப் பிரிவுக்கு மாத்தி விடறேன், லைன்லயே இருங்க" என்றான். தோன் எர்னால்தோ அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் போனை வைத்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள்கூடப் பாலிசி இல்லாமல் இருக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், என் வீட்டை எந்தக் காப்பும் இல்லாமல் தெருவில் இறக்கப் போகிறேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ஜன்னல்களைக் கழற்றி, அடுப்பை இறக்கி, பாத்திரங்களைப் பக்கத்து வீட்டு அவுரிஸ்தேலாவிடம் கொடுத்துவைத்தேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டும், கூப்பிடாதவர்கள்கூட மாடு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். புதுப் பாலிசிக்கு வீட்டைப் பார்வையிட வேண்டுமே, தோன் எர்னால்தோவும் நல்ல கோட்டும் தொப்பியுமாக வந்துவிட்டார். மாடுகள் இழுத்துப் போகிற வீட்டுக்குப் பின்னாலேயே நடந்துகொண்டு எழுதினார். "அஸ்திவாரம் எப்படின்னு படிவத்துல கேட்டிருக்கு. என்னம்மா எழுத?" என்று என்னைக் கேட்டார். "என் மாட்டுப் பேர எழுதிக்குங்க சார்" என்று முன்னாலிருந்து பெலார்மினோ கத்தினார்.

தேவாலயத் திருப்பத்தில் ஏற்றம் செங்குத்தாக இருக்குமே, அங்கேதான் ஒரு கயிறு அறுந்தது. வீடு பின்பக்கமாகச் சரிந்தது. பெண்கள் அலறினார்கள். எனக்கு அலறவும் வரவில்லை. வீடு போய்விடுமே என்றுகூடத் தோன்றவில்லை. இதை உங்களுக்கு எந்த வார்த்தையில் எழுதுவேன் என்றுதான் நினைத்தேன். தோன் எர்னால்தோ காகிதத்தைச் சேற்றில் எறிந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். நானும் பிடித்தேன், அவுரிஸ்தேலா பிடித்தாள், கிடைத்த கையெல்லாம் பிடித்தது. வீடு முனகிக்கொண்டே நின்றது. ஒரு மூலையில் கொஞ்சம் மரஓடுகள் உதிர்ந்தன, அவ்வளவுதான். புதுக் கயிறு கட்டி மறுபடியும் இழுத்தோம். மேலே போய்ச் சேர்ந்தபோது என் உள்ளங்கை உரிந்திருந்தது. இப்போது ஆறிவிட்டது, கவலைப்பட வேண்டாம்.

"வாசல எந்தப் பக்கம் திருப்பட்டும்?" என்று பெலார்மினோ கேட்டார். காற்றுக்கு முதுகு காட்டித்தான் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கடலைப் பார்த்து வைக்கச் சொன்னேன். "மழை நேரா மூஞ்சில அடிக்கும்டி, பைத்தியமா ஒனக்கு?" என்றாள் அவுரிஸ்தேலா. "அடிச்சா அடிக்கட்டும். அவரு வந்து கடலுக்குப் போனா, படகு திரும்பி வர்றது தெரியணும்" என்றேன். அப்படியே திருப்பி வைத்தார்கள். அப்புறம் குழி தோண்டிக் கல்லைச் சுட்டு, சிப்பியும் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி மூடி, சோறு குறைந்தது என்று எவரும் சொல்ல முடியாதபடி போட்டேன். அக்கார்டியன் வாசித்தார்கள். தோன் எர்னால்தோ அந்தச் சேற்றுக் கோட்டோடு ஆடினார். எனக்கு நிறைவாக இருந்தது, நொல்பெர்த்தோ. உங்கள் நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை.

இனி அந்த மண் விஷயம். எங்கள் கம்பெனி நிலத்துக்கு மதிப்பே போடுவதில்லை. சுவர், கூரை, தரை, இவற்றுக்குத்தான் பாலிசி. அடியில் இருக்கிற மண் யாருடையது என்று எழுதப் படிவத்தில் ஓர் இடமும் கிடையாது. வீடு உங்களுடையது, ஒவ்வொரு பலகையும் நீங்கள் அறுத்தது. உங்கள் வீடு என் மண்ணில் நிற்கிறது, நான் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறேன். இதில் யார் யாரிடம் குடியிருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நேரில் வந்து சொல்லுங்கள்.

புதுப் பாலிசிக்குச் சாந்தியாகோ சம்மதித்துவிட்டது. வீட்டுக்காரர் கையெழுத்துதான் பாக்கி, மார்ச் முடிவதற்குள் வேண்டும். வெளியூரில் இருப்பவர் அங்கேயே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. அலுவலகத்துப் பெண்ணாக அதைச் சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன். ஆனால் படிவத்தை இந்த உறைக்குள் நான் வைக்கவில்லை. அது என் மேஜையில் இருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கித் தேவாலயத் திருப்பத்துக்கு வாருங்கள். வீடு போன தடம் புல்லில் இன்னும் தெரிகிறது, அதையே பிடித்துக்கொண்டு ஏறினால் போதும். மழைக்காலம் வந்தால் புல் மூடிவிடும். அதற்குள் வந்தால் நம் வீட்டுக்கு நீங்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்காது.

கடவுள் உங்கள் பயணத்துக்குத் துணை இருக்கட்டும்.

உங்கள்,
ஒத்தீலியா