மேடேறும்போது எரியும் விளக்கு

மே 4, ஞாயிறு

இன்றும் மலை ஏற முடியவில்லை. சந்தவாசலில் சமர்த்தாகக் கிளம்பிய கார், மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மஞ்சள் விளக்கை எரியவிட்டு, இழுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. பின்னால் வந்த ஜமுனாமரத்தூர் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “டீச்சர், நம்ப பஸ்ஸுலயே வந்துடுங்க!” என்றார். பஸ்ஸே சிரித்தது.

வீட்டுக்கு வந்தால் சின்னப்பராஜின் தீர்ப்பு தயார். “வண்டியில இன்னா கீது? ஓட்டற கையில கீது. நீ கியரைத் தப்பாப் போட்ற ஷைலா.” என் கணவர் பிறந்ததிலிருந்து கார் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஸ்டேஷனரி கடைக்கு மொபெட்டில் போகிறவர்.

ஜூனில் மலைமேல் என் பள்ளி திறப்பதற்குள் சரியாகாவிட்டால் காரை விற்றுவிட வேண்டுமாம். நாற்பது வயதுக்குமேல் ஓட்டக் கற்று, என் சம்பளத்தில், என் பெயரில் போன மாதம் வாங்கிய கார். பழசுதான். விற்க மாட்டேன்.

மே 7, புதன்

மெக்கானிக் தசரதன் அண்ணா பானெட்டைத் திறந்ததும் கைகூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்ன ஒரு தொழில் பக்தி! பிறகு ஏதோ கருவியை மாட்டிப் பார்த்து, “நாக் சென்சார் கோளாறு காட்டுது டீச்சர்” என்றார்.

எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம் கேட்டால் கம்ப்யூட்டரிடம் போய்க் கோள்சொல்லும் உறுப்பாம் அது. கம்ப்யூட்டர் உடனே பயந்துபோய் இழுவையைக் குறைத்துவிடுமாம். ஏற்கெனவே வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார், காரிலும் ஒன்றா?

புது சென்சார் போட்டாயிற்று.

மே 8, வியாழன்

விளக்கு அணைந்துவிட்டது. ஆண்டவருக்கு நன்றி.

பின்குறிப்பு: மூன்றாவது வளைவில் எரிந்தது. நன்றியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மே 13, செவ்வாய்

தசரதன் அண்ணா மறுபடி கும்பிட்டார். ஒயரையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். எலி கடிக்கவில்லை. அவரே மலையில் ஓட்டிப் பார்த்தார். அவருக்கும் எரிந்தது!

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். இவர் நிதானமாகக் காபியை ஆற்றியபடி, “அப்போ அவனுக்கும் கியர் போடத் தெரில” என்றார்.

மே 20, செவ்வாய்

விளக்கின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். என்னைப் பொறுத்தவரை கோளாறு தீர்ந்தது. கார்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

மே 24, சனி

இவர் படவேட்டிலிருந்து யாரோ ஒருவரை அழைத்துவந்து காரைக் காட்டுகிறார். அந்த ஆள் டயரைக் காலால் உதைத்துப் பார்க்கிறான். என் காரை!

அழுதுவிட்டேன். எதுக்கு அழுவுறேன் — காருக்கா? பஸ்ஸுல நின்னுக்கினே போறது எனக்கு இன்னா புதுசா? உனக்கு வராதுன்னு சொல்றாரே. அதான் தாங்கல.

மே 27, செவ்வாய்

பானெட் திறந்தது. மறுபடி கைகூப்பல். பொறுமை போய்விட்டது.

“அண்ணா, எஞ்சினைக் கும்பிட்டா சரியாயிடுமா?”

“எஞ்சினை எங்க டீச்சர் கும்பிட்டேன்? மாதாவை இல்ல கும்பிட்டேன்.”

“எந்த மாதா?”

டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை வேளாங்கண்ணி மாதா, கட்டுக்கம்பியில், சென்சாருக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தார். விரலால் ஆட்டினேன். டக், டக். மேடேறும்போது எஞ்சின் உதறும், மாதா தட்டுவார், சென்சார் கோள்சொல்லும். இதுதான் நடந்திருக்கிறது!

“ஏண்ணா இதைச் சொல்லவே இல்ல?”

“நீங்க வேண்டிக்கினு கட்டினதுன்னு நெனச்சேன் டீச்சர். உங்க சாமி மேல நான் கை வெச்சா தப்பாயிடாதுங்களா? அதான் அது மேல படாம, சுத்தி சுத்தி வேலை பார்த்தேன்.”

நானே அவிழ்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது வளைவு. விளக்கு எரியவில்லை. வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து கத்தினேன்.

சாப்பிடும்போது மாதாவை இவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்தார்.

“நீ வண்டி வாங்கின அன்னிக்கே கட்டிட்டேன். மலைல தனியாப் போறியேன்னு பயமா இருந்துச்சி. உன் கண்ணு முன்னாடி வெச்சா, என் ஓட்டுதல் மேல நம்பிக்கை இல்லையான்னு கோச்சுக்குவ.”

“இல்லதானே?”

வாய் வலிக்கும்வரை திட்டினேன். அப்புறம் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

மே 30, வெள்ளி

படவேட்டு ஆள் போன் செய்தான். இவரே எடுத்தார். “அது டீச்சர் வண்டிங்க. குடுக்கறதில்ல” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமலே மொபெட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறப்பு. இவர் கடையைப் பூட்டிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஜமுனாமரத்தூரில் வேலை இருக்கிறதாம். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. மாதாவைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். முதல் வளைவில் என்னோடு சேர்ந்து அவரும் பிரேக் மிதித்தார், அவர் பக்கத்தில் பிரேக் இல்லை என்றாலும். மூன்றாவது வளைவில் செபம் சொன்னார்.

அதற்கப்புறம் திரும்பிப் பார்த்தால் வாய் திறந்தபடி தூங்குகிறார். தூக்கத்தில் மாதா கையிலிருந்து நழுவிக் கால்மிதியில் கிடந்தார்.

பள்ளி வாசலில் நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு இறங்கினேன். எழுப்ப மனம் வரவில்லை.