'பேங்க் மேடம்' என்ற பெயரில் பதிவாகியுள்ள என் தொலைபேசி எண்

அனுப்புநர்:
உரிமையாளர்,
பை, பெட்டி, ஜிப் பழுதுபார்க்கும் கடை,
மாடிப்படிக்குக் கீழ்,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.
(கடையில் வேறு ஊழியர் இல்லை.)

பெறுநர்:
உயர்திரு விசாரணை அதிகாரி அவர்கள்,
தொலைபேசி எண் முறைகேடுகள் பிரிவு.

பொருள்: வங்கியின் பெயரால் நடக்கும் மோசடி அழைப்புகள் – என் எண்ணைத் துண்டிக்க வேண்டாம் என்று கோரிய முந்தைய மனுவைத் திரும்பப் பெறுதல் – துண்டிக்கும் முன் ஒரே ஒருவருக்குக் கடிதம் மூலம் உண்மையைத் தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பும் அதற்கு நான் அளித்த மனுவும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. என் எண்ணிலிருந்து வங்கி அதிகாரி என்று சொல்லிப் பலரை அழைத்து, அவர்களுடைய சொந்த விவரங்களைக் கேட்டதாகப் புகார்கள் வந்துள்ளன என்றும், தக்க விளக்கம் தராவிட்டால் எண் துண்டிக்கப்படும் என்றும் தங்கள் அறிவிப்பில் கண்டிருந்தது. தொழில் பாதிக்கும், ஆகவே துண்டிக்க வேண்டாம் என்று நான் மனு கொடுத்தேன். அதில் எழுதியது பொய்யல்ல. ஆனால் உண்மையான காரணமும் அதுவல்ல. என் வாடிக்கையாளர்கள் அறுந்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வந்து நிற்பவர்கள். போன் செய்துவிட்டு வருபவர் அபூர்வம். அம்மனுவை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணத்தைத் தங்கள் பொறுமையை நம்பிக் கீழே எழுதுகிறேன்.

2. நான் யாரையும் வங்கி என்று சொல்லி அழைத்ததில்லை. முதலில் எனக்கு வந்த அழைப்பு ஒரு பெரியவருடையது. "இப்பதானே பேசிட்டிருந்தீங்க, லைன் கட்டாயிடுச்சு" என்றார். சூட்கேஸுக்குச் சக்கரம் மாற்றக் கொடுத்தவர் என்று நினைத்து, "சக்கரம் வந்துடுச்சு, சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க" என்றேன். அவர் தம் கார்டின் எண்ணைப் படிக்கத் தொடங்கிவிட்டார். எனக்கும் சற்று நேரம் விளங்கவில்லை, பாதி எண்ணைக் கேட்டுவிட்டேன். அது என் நினைவில் தங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

3. அதற்குப் பிறகு இதே மாதிரி தினமும் அழைப்புகள் வந்தன. போன் நிறுவனத்தின் கிளைக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஊழியர் பொறுமையாக விளக்கினார். மோசடிக்காரர்கள் எங்கோ உட்கார்ந்துகொண்டு, எதிராளியின் திரையில் எந்த எண்ணை வேண்டுமானாலும் தோன்றச் செய்வார்களாம். ஏமாந்தவர்கள் அந்த எண்ணைத் திருப்பி அழைத்தால், அது என் கடையில் அடிக்கிறது. ஏன் என் எண் என்று கேட்டேன். "ஏன்னெல்லாம் இல்லக்கா. அவங்களுக்கு ஏதோ ஒண்ணு வேணும், அது உங்களுதாப் போச்சு" என்றார். வங்கிக்குப் போய், இது உங்கள் எண் அல்ல என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். எங்கள் எண் அல்லாததற்கு நாங்கள் எப்படி எழுதிக் கொடுப்பது என்றார்கள். காவல் நிலையத்தில், உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

4. பணத்தை இழந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். என் பிறப்பும் வளர்ப்பும் அவர்கள் வாயில் விழுந்து எழுந்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், திட்டுவதற்கு அவர்களிடம் இருந்தது அந்த ஒரு எண்தான். முதலில் அழுதேன். பின்னர் அழுகை நின்றுவிட்டது. தடித்த ஊசியைத் தள்ளித் தள்ளி என் கட்டைவிரல் நுனி மரத்துப்போய் வெகுநாளாகிறது, குத்தினாலும் தெரியாது. காதும் அப்படி ஆயிற்று. நாளடைவில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். போனை எடுத்ததும் எதிராளி வாயைத் திறக்கும் முன், "நான் பேங்க் இல்ல. என்கிட்ட எதையும் சொல்லாதீங்க. உங்க கார்டுக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்கும், அதுக்கு நீங்களே கூப்பிடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். தையலை நிறுத்தாமலே சொல்ல வரும்.

5. இனி எழுதப்போவது என் உடன்பிறந்த மூத்த சகோதரியைப் பற்றியது. (இம்மனுவில் இனி 'அக்கா' எனப்படுவார்.) பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரின் மறுகோடியில் தனியாக வசிக்கிறார். எங்களுக்குள் சில ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் அம்மா கடைசியில் என்னுடன், கடைக்குப் பின்னால் உள்ள அறையில் இருந்தார். அவர் இறந்த காலையில் நான் அக்காவுக்குப் போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. போனே வரவில்லை என்பது அவர் தரப்பு. இரண்டில் எது உண்மை என்று விசாரிக்க எந்த அலுவலகமும் இல்லை. காரியம் முடிந்த கையோடு என் எண்ணைத் தம் போனிலிருந்து அழித்துவிட்டதாக உறவுக்காரர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினார். நானும் சரி என்று சொல்லியனுப்பினேன்.

6. அந்த அக்காவுக்குத்தான் ஒரு பகலில், என் எண்ணைத் திரையில் காட்டி, வங்கியிலிருந்து பேசுவதாக ஓர் ஆள் அழைத்திருக்கிறான். என் பெயர் அவர் போனில் இருந்திருந்தால் அந்த அழைப்பை எடுத்தே இருக்க மாட்டார், தப்பித்திருப்பார். அழித்துவிட்டதால் வெறும் எண்ணாக வந்தது, எடுத்துவிட்டார். சரிபார்ப்பதற்கு என்று சொல்லி அம்மாவின் பெயரையும் பிறந்த தேதியையும் வாங்கிக்கொண்ட பிறகு, ஓடிபி எண் வரும் நேரத்தில் அவனது இணைப்பு அறுந்துபோயிற்று. அக்கா உடனே அதே எண்ணைத் திருப்பி அழைத்தார்.

7. நான் வழக்கமான வாக்கியத்தைச் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார். "லைன் போயிடுச்சுங்க. அம்மா பேரு சொல்லிட்டேன், பொறந்த தேதி சொல்லிட்டேன். இப்ப ஆறு நம்பர் வந்திருக்கு, எழுதிக்கிறீங்களா?" என்று சொல்லிவிட்டு, நான் குறித்துக்கொள்ள வசதியாக அம்மாவின் பெயரை இன்னொரு முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். (அப்பெயரை இங்கே எழுதவில்லை. அது அவருடைய கணக்கின் அடையாளக் கேள்விக்கு விடை.) குரல் அக்காவுடையது என்று தெரிந்தது. மடியில் இருந்த பையின் ஜிப்பை மூடினேன், திறந்தேன். பிறகு, "மேடம், அந்த ஆறு நம்பரை யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும் சொல்லாதீங்க. போனை வெச்சிட்டு, கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பருக்குக் கூப்பிடுங்க" என்றேன். சரிங்க மேடம் என்று வைத்துவிட்டார். நான் சொல்லி அக்கா ஒன்றைக் கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

8. குரல் அடையாளம் தெரியவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். அவர் கடைசியாகக் கேட்டது நான் கத்திய குரலை. நிதானமாகப் பேசும் என் குரல் அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

9. மறுநாள் நன்றி சொல்ல அழைத்தார். பணம் தப்பித்ததாம். நான் வங்கி என்று சொல்லவில்லை, வங்கி இல்லை என்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்லும் அந்த முதல் வாக்கியத்தை அவருக்கு மட்டும் சொல்லாமல் விட்டேன். அதன்பின் எந்தப் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் அதை வைத்துவிட்டு எனக்குக் கூப்பிட்டுக் கேட்பார். பார்சல் வந்திருக்கிறது என்றார்கள், நிஜமா? கரண்ட் கட் ஆகும் என்றார்கள், நிஜமா? "நிஜமில்ல மேடம், எதுவும் சொல்லாதீங்க" என்பேன். முழங்கால் வலி கூடிவிட்டதைச் சொன்னார். மாடி ஏறி இறங்க முடியவில்லை என்றார். எந்த பேங்க்கில் இவ்வளவு நேரம் பேச விடுவார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டார். நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஆரம்பித்தார்.

10. ஒரு நாள் இப்படிச் சொன்னார்: "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா மேடம். பை தைக்கிறவ. வாய்தான் பெருசு, யாரு என்ன சொன்னாலும் நம்பிடுவா. அவளுக்கு இந்த மாதிரி போன் வந்தா என்ன பண்ணப்போறாளோ." அவங்களுக்கும் சொல்லி வையுங்க என்றேன். "எங்க சொல்றது, அவ நம்பர் என்கிட்ட இல்லையே" என்றார். என் எண்ணில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

ஐயா, துண்டிக்க வேண்டாம் என்று நான் மனு கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

11. இப்போது அதைத் திரும்பப் பெறுவதற்குக் காரணம் சென்ற வாரம் நடந்தது. அக்கா அழைத்து, மிகுந்த பெருமையுடன், "நேத்து உங்க நம்பர்லேருந்து ஒரு ஆம்பளை பேசினாரு மேடம். 'பேங்க் மேடம்'னு உங்க பேரைப் போட்டு வெச்சிருக்கேன், அதான் வந்துச்சு. நான் விடலையே, எங்க மேடம் வந்து சொன்னாதான் சொல்வேன்னு வெச்சிட்டேன்" என்றார். மோசடிக்காரர்கள் என் எண்ணை இன்னும் விட்டபாடில்லை. முன்பு அது அக்காவுக்கு யாரோ ஒருவருடைய எண். இப்போது நம்பிக்கையான எண். அந்த நம்பிக்கையை நாள்தோறும் ஊட்டி வளர்த்தவள் நான். அடுத்த முறை அவர்கள் ஒரு பெண்ணைப் பேச வைத்தால், மேடம் வந்து சொல்லிவிட்டார் என்று அக்கா எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார். அவருக்கு அந்தப் பென்ஷனைத் தவிர வேறு ஆதரவு இல்லை.

12. நீங்களே சொல்லிவிடலாமே என்று தாங்கள் கருதக்கூடும். போனில் சொன்னால், மேடத்தின் எண்ணில் இன்னொரு மோசடிக்காரி பேசுகிறாள் என்று எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்ளும்படி அவரைப் பழக்கியதும் நான்தான், நன்றாகவே பழகியிருக்கிறார். நேரில் போகலாம். அவர் வீட்டுத் தெரு முனை வரை ஒரு முறை போனேன். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் சாத்திவிட்டால், தங்கச்சியும் போய் மேடமும் போய்விடும். எனக்குத் தைரியம் இல்லை என்று எழுதிவிடுகிறேன், சுற்றி வளைப்பானேன்.

13. எனவே தாங்கள் அருள்கூர்ந்து, கீழ்க்கண்ட விவரத்தைத் தங்கள் அலுவலக முத்திரையுடன் அக்காவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டுகிறேன். 'பேங்க் மேடம்' என்று அவர் பதிந்து வைத்திருப்பது எந்த வங்கியின் எண்ணும் அல்ல. அதை உடனே அழித்துவிட வேண்டும். அந்த எண் திரையில் வந்தால், பேசுவது ஆணானாலும் பெண்ணானாலும், எவ்வளவு அன்பாகப் பேசினாலும், எடுக்கக் கூடாது. வங்கி ஒருபோதும் போனில் ஓடிபி கேட்காது. எண்ணுக்கு உரியவர் யார் என்ற இடத்தில் என் பெயரைத் தலைப்பெழுத்தோடு எழுதினால் போதும். எங்கள் இருவருக்கும் தலைப்பெழுத்து ஒன்றே, கல்யாணத்துக்குப் பிறகும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்குப் புரியும்.

14. தயவுசெய்து அவருக்குப் போன் செய்ய வேண்டாம். தங்கள் அலுவலகத்திலிருந்து யார் அழைத்தாலும் அவர் அதை வைத்துவிட்டு எனக்குக் கூப்பிட்டு, இது நிஜமா மேடம் என்று கேட்பார். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

15. கடிதம் அவர் கையில் சேர்ந்தது என்று ஒப்புகைச் சீட்டு வந்தபின் என் எண்ணைத் துண்டித்துவிடலாம். துண்டித்தாலும் மோசடிக்காரர்கள் அதை அடுத்தவர் திரையில் காட்டுவது நிற்காது என்று போன் நிறுவனத்துப் பெண் சொன்னார். அவர்களைப் பிடிப்பது தங்கள் கையில் இருக்கிறது. என் கையில் இருப்பது இந்த ஒன்றுதான். கடையின் ஷட்டரில் எழுதியுள்ள எண்ணை நானே பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டேன்.

16. புதிய எண் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதைத் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டியிருக்கிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா தங்கள் அலுவலகத்துக்கு வந்து, தங்கச்சியின் நம்பர் என்ன என்று கேட்டால், உறையை அப்படியே அவரிடம் கொடுக்கலாம். அதற்கு என் முழுச் சம்மதத்தையும் இதன்மூலம் அளிக்கிறேன். தங்கள் அலுவலகம் உள்ள மூன்றாம் தளம் வரை அவரால் ஏற முடியாது, யாரேனும் கீழே வந்து கொடுத்தால் உதவியாக இருக்கும். அவர் கேட்காவிட்டால் கொடுக்க வேண்டாம். அது என் சொந்த விவரம்.

ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டு முடிக்கிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
மேற்படி எண்ணுக்கு இன்னும் உரியவர்

இடம்: கடை
தேதி: இம்மாதம் பதினொன்று

இணைப்பு:
அக்காவின் பெயர், முகவரி – தனித்தாளில்.
ஒட்டிய உறை – ஒன்று.